ஸ்மார்ட் கான்ட்ராக்ட் டெம்ப்ளேட் கருவியின் ஆவணத்தை எப்படி எடைபோடுவது?

டோக்கனுக்கு ஒரு பெயர், மூன்று நான்கு எழுத்தில் ஒரு குறியீடு, வேண்டிய வசதிகளுக்கு எதிரே டிக். இடது பக்கம் இவ்வளவு செய்தால் வலது பக்கம், எத்தீரியம் பிளாக்செயினுக்கான சாலிடிட்டி மொழியில் நிரல் உடனே வந்து நிற்கும். ஓப்பன்செப்பலின் நிறுவனத்தின் ‘கான்ட்ராக்ட்ஸ் விசார்ட்’ என்ற டெம்ப்ளேட் கருவி இப்படித்தான் வேலை செய்கிறது. நிரல் எழுதிப் பழகாதவர்கூட அதை வைத்து ஒரே மாலையில் எத்தீரியத்தில் டோக்கனை ஏற்றிவிட முடியும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பிளாக்செயினில் ஏற்றிய ஸ்மார்ட் கான்ட்ராக்டை, அதாவது அங்கே தானாக இயங்கும் நிரலை, திறந்து ஒரு வரியை மாற்ற முடியாது. இணையதளத்தில் பிழை இருந்தால் இரவோடு இரவாகத் திருத்திவிடலாம். இங்கே அந்தப் பிழையோடுதான் பணம் புழங்கும். அதனால் டிக் போடுவதற்கு முன்னால் படிக்கிற ஆவணத்துக்கு, மற்ற மென்பொருள்களின் உதவிப் பக்கங்களுக்கு இல்லாத பொறுப்பு இருக்கிறது. அந்த ஆவணம் போதுமானதா, நம்பலாமா என்று பார்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்குகிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஓப்பன்செப்பலின் விசார்டிலிருந்து வருகின்றன. வேறு கருவியைப் பயன்படுத்துகிறவர்களும் இதே சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

நிறையப் பக்கங்கள், நல்ல வடிவமைப்பு, சரளமான மொழி ஆகியவற்றை முதல் அளவுகோலாக வைக்காதீர்கள். ஒவ்வொரு டிக்குக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். இதைப் போட்டால் யார் கைக்கு என்ன அதிகாரம் போகிறது? பிறகு வேண்டாம் என்றால் அதைத் திரும்பப் பெற வழி உண்டா? வேறு எந்த வசதியோடு சேர்ந்தால் இதன் நடத்தை மாறும்? ஆவணத்தை மட்டும் படித்து இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல முடிந்தால் அது நல்ல ஆவணம். நிரலைப் பிரித்துப் படித்தால்தான் பதில் கிடைக்கும் என்றால், நிரல் தெரியாதவருக்காகச் செய்த கருவியின் ஆவணம் தன் வேலையைச் செய்யவில்லை.

ஆவணம் ஒரே இடத்தில் இருப்பதில்லை

எடைபோடத் தொடங்குமுன் எதையெல்லாம் ஆவணம் என்று எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். விசார்டில் ஒவ்வொரு வசதிக்கும் பக்கத்தில் ஒரு சிறு குறி இருக்கும். அதன்மேல் சுட்டியை வைத்தால் ஓரிரு வரி விளக்கம் தோன்றும். கருவிக்கென்று தனிப் பக்கங்கள் உண்டு. விசார்ட் எழுதித் தரும் நிரல் பெரும்பாலும் ஓப்பன்செப்பலின் கான்ட்ராக்ட்ஸ் லைப்ரரியை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) இறக்குமதி செய்யும் சில வரிகள்தான் என்பதால், அந்த லைப்ரரியின் விளக்கப் பக்கங்களும் கணக்கில் வரும். கடைசியாக, லைப்ரரியின் மூலக் கோப்புகளுக்குள் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே எழுதியிருக்கும் குறிப்புகள். சாலிடிட்டியில் இந்தக் குறிப்பு முறைக்கு நேட்ஸ்பெக் என்று பெயர்.

முக்கியமான எச்சரிக்கைகள் பெரும்பாலும் கடைசி அடுக்கில்தான் இருக்கின்றன. தொடங்குகிறவர் படிப்பதோ முதல் அடுக்கை மட்டும். இந்த இடைவெளியைத்தான் முதலில் அளக்க வேண்டும்.

‘பாஸபிள்’ வசதியை எடுத்துக்கொள்வோம். அவசரத்தில் டோக்கன் பரிமாற்றத்தை நிறுத்தி வைப்பதற்கானது. லைப்ரரியில் இதற்கான கோப்பில் ஒரு முக்கியக் குறிப்பு இருக்கிறது: இந்தக் கோப்பு நிறுத்தும் ஃபங்ஷனையும் மீண்டும் தொடங்கும் ஃபங்ஷனையும் வெளியிலிருந்து அழைக்கும் விதத்தில் தரவில்லை, அவற்றை நீங்களே உரிய அனுமதிக் கட்டுப்பாட்டோடு எழுத வேண்டும், எழுதாவிட்டால் நிறுத்தும் வசதியையே எட்ட முடியாது என்று அது சொல்கிறது. என்ன செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் இது நல்ல குறிப்பு. விசார்ட் அந்த இரண்டு ஃபங்ஷன்களையும் தானே எழுதிவிடுகிறது. ஆனால் அது ஏன் எழுதுகிறது என்று தெரியாதவர், நிரலைச் சுருக்குகிறேன் என்று அவற்றை அழித்துவிட்டால், நிரலை இயந்திர வடிவுக்கு மாற்றும் கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராது. அவசர நாளில்தான் தெரியவரும்.

உங்கள் முதல் சோதனை இதுதான்: கருவியின் ஐந்து வசதிகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலக் கோப்பில் இருக்கும் எச்சரிக்கையைத் தேடி எடுத்து, அது கருவியின் சிறு விளக்கத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் அங்கிருந்து ஒரே சொடுக்கில் போய்ச்சேர இணைப்பாவது இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை எச்சரிக்கைகள் வழியில் தொலைந்தன என்பது ஆவணத்தின் தரத்தை நேராகக் காட்டும்.

பதிப்பு எண்ணை முதலில் பாருங்கள்

விசார்ட் தரும் நிரலின் முதல் வரி உரிமம்; இரண்டாவது வரி, இந்த நிரல் லைப்ரரியின் எந்தப் பதிப்போடு ஒத்துப்போகும் என்ற குறிப்பு. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆவணத்தை எடைபோடுபவர் இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் ஆவணம் பழசாகிப்போவது பெரும்பாலும் பதிப்பு மாறும்போதுதான்.

லைப்ரரியின் 5.0 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. 4-ஆம் பதிப்புக்கும் இதற்கும் இடையே மாறியவை கொஞ்சமல்ல. பாஸபிள், ரீஎன்ட்ரன்சி கார்டு (ஒரு அழைப்பு முடியுமுன் மீண்டும் உள்ளே நுழைவதைத் தடுப்பது) ஆகிய கோப்புகள் ‘செக்யூரிட்டி’ அடைவிலிருந்து ‘யுட்டில்ஸ்’ அடைவுக்குப் போயின. பழைய பாதையை எழுதினால் கோப்பு இல்லை என்று கம்பைல் நின்றுவிடும். பரிமாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஓடும் இரண்டு ஹுக்குகள் நீக்கப்பட்டு, ‘அப்டேட்’ என்ற ஒரே ஃபங்ஷனுக்குள் வேலை முழுதும் சேர்ந்தது. எண்ணிக்கை வைக்கும் கவுண்டர்ஸ், எண் வரம்பு மீறலைத் தடுக்கும் சேஃப்மேத் லைப்ரரிகள் போய்விட்டன. சாலிடிட்டி 0.8 முதல் எண் வரம்பு மீறினால் மொழியே தடுத்துவிடுவதால் சேஃப்மேத்துக்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது.

இவையெல்லாம் கம்பைல் செய்யும்போதே கத்திவிடும் மாற்றங்கள்; எரிச்சல் தரும், ஆபத்து தராது. சத்தமில்லாத மாற்றங்கள்தான் கவனிக்க வேண்டியவை. 4-ஆம் பதிப்பில் கான்ட்ராக்டை யார் டிப்ளாய் செய்கிறாரோ (சங்கிலியில் ஏற்றுகிறாரோ) அவரே உரிமையாளர். 5-இல் உரிமையாளரின் முகவரியை டிப்ளாய் செய்யும்போது நீங்களே தர வேண்டும். பூஜ்ய முகவரி (எல்லா இலக்கமும் பூஜ்யமான, யாருக்கும் சொந்தமில்லாத முகவரி) கொடுத்தால் மறுத்துவிடும். ஆனால் இயங்காத ஒரு முகவரியையோ, சாவி உங்களிடம் இல்லாத பரிமாற்ற நிலைய வைப்பு முகவரியையோ ஒட்டிவிட்டால் தடுக்க ஆளில்லை. உரிமையாளர் இல்லாத டோக்கனாக அது பிறந்துவிடும். இன்னொன்று: இருப்பு போதாதபோது 4-ஆம் பதிப்பு ஒரு வாக்கியத்தைப் பிழைச் செய்தியாகத் தரும், 5-ஆம் பதிப்பு பெயரிட்ட பிழை வகையைத் தருகிறது. பழைய வாக்கியத்தைத் தேடும் இணையதள நிரல் அதன்பின் பிழையை அடையாளம் காணாது.

ஆகவே ஆவணத்தின் ஒவ்வொரு எடுத்துக்காட்டு நிரலையும் அது எந்தப் பதிப்புக்கானது என்ற கேள்வியோடு படியுங்கள். பக்கத்தின் மேலே பதிப்பு எண் இருக்கிறதா? பழைய பதிப்பின் பக்கத்துக்குத் தேடுபொறி வழியாக வந்து விழுந்தவரிடம், இது பழையது என்று சொல்லப்படுகிறதா? இடமாற்ற வழிகாட்டி இருக்கிறதா? விசார்ட் 5-ஆம் பதிப்பு நிரலைத் தருகிறது, ஆவணத்தின் பயிற்சிப் பக்கம் பழைய ஹுக்குகளைக் காட்டுகிறது என்றால், அந்த இரண்டையும் கலந்து எழுதுபவர் மணிக்கணக்கில் தவிப்பார்.

நிறுவும் கட்டளைகளையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். ஃபவுண்ட்ரி என்ற நிரலாக்கக் கருவி வழியாக லைப்ரரியை நிறுவினால் முதலில் கடைசியாக வெளியான பதிப்பு வரும். ஆனால் பிறகு புதுப்பிக்கும் கட்டளை கொடுத்தால் வேலை நடந்துகொண்டிருக்கும் மாஸ்டர் கிளை வந்துவிடும். இதை லைப்ரரியின் ரீட்மீ கோப்பு எச்சரிக்கையாகவே சொல்கிறது. இப்படிப்பட்ட ஒரு வரிதான் நாம் தேடுவது. இன்று சரியாக ஓடுவது ஆறு மாதம் கழித்து ஏன் ஓடாது என்பதை முன்கூட்டியே சொல்லும் வரி அது.

அலகு எழுதாத எண்கள்

ஒரு எண் எந்த அலகில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது, எண்களைக் கையாளும் ஆவணங்களில் நாம் அடிக்கடி காணும் குறை.

இஆர்சி-20 (எத்தீரியத்தின் பொதுவான டோக்கன் தரம்) வகை டோக்கனுக்கு விசார்டில் ‘ப்ரீமின்ட்’ என்று ஒரு பெட்டி உண்டு. தொடக்கத்திலேயே எத்தனை டோக்கன் உருவாக வேண்டும் என்பதற்கானது. அங்கே 1000 என்று எழுதினால் ஆயிரம் முழு டோக்கன்கள் உருவாகும். நிரலே அதைத் தசம இடங்களுக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்ளும். தசம இடங்கள் வழக்கமாக 18. அதாவது கான்ட்ராக்டுக்குள் பதிவாகும் எண் 1000-க்குப் பின் 18 பூஜ்யங்கள்.

அதே டோக்கனில் ‘மின்டபிள்’ (பிறகும் டோக்கன் உருவாக்கும் வசதி) டிக்கும் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னும் ஆயிரம் வேண்டும். எத்தீரியத்தின் பதிவுகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் மின்ட் ஃபங்ஷனைத் திறந்து, தொகைக்கு 1000 என்று எழுதி அனுப்புகிறீர்கள். பரிவர்த்தனை வெற்றி என்று பச்சையில் வரும். வாலட்டில் இருப்பு கூடியதாகவே தெரியாது. ஏனென்றால் மின்ட் ஃபங்ஷன் மிகச் சிறிய அலகில்தான் எண்ணை எடுத்துக்கொள்ளும், உருவானது 0.000000000000001 டோக்கன். ஒரே கான்ட்ராக்டில் ஒரே எண் இரண்டு இடத்தில் இரண்டு பொருள். ப்ரீமின்ட் பெட்டியின் விளக்கத்திலும் மின்ட் ஃபங்ஷனின் விளக்கத்திலும் அலகு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால் அதைக் கடுமையான குறையாகவே பதிவு செய்யுங்கள். இந்தத் திசையில் தவறினால் நஷ்டம் கொஞ்சம் கேஸ் (பரிவர்த்தனை) கட்டணம்தான். எதிர்த்திசையில், அதாவது ஏற்கெனவே பெருக்கிக்கொள்ளும் இடத்தில் 18 பூஜ்யங்களோடு எழுதினால், மொத்த வழங்கலே நாசமாகும்.

கவர்னர் கான்ட்ராக்டில் இதே குறை வேறு உருவத்தில் வருகிறது. டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்து முடிவெடுப்பதற்கான டெம்ப்ளேட் அது. விசார்டில் தொடக்க மதிப்புகள் இப்படி: முன்மொழிவு வந்தபின் வாக்களிப்பு தொடங்க ஒரு நாள், வாக்களிப்பு ஒரு வாரம், குறைந்தபட்ச வாக்கு 4 சதவீதம். பக்கத்திலேயே ஒரு பிளாக்குக்கு (சங்கிலியில் சேரும் ஒவ்வொரு பரிவர்த்தனைத் தொகுப்புக்கு) 12 விநாடி என்ற பெட்டியும் இருக்கும். அந்த 12-தான் இங்கே எல்லாம். கான்ட்ராக்டுக்கு நாள், வாரம் தெரியாது. வழக்கமான அமைப்பில் அது பிளாக்குகளை எண்ணுகிறது. எனவே ஒரு நாள் 7,200 ஆகவும் ஒரு வாரம் 50,400 ஆகவும் நிரலில் பதிகிறது.

எத்தீரியம் முதன்மைச் சங்கிலியில் இது சரி. எத்தீரியத்தைச் சார்ந்து இயங்கும் ஆப்டிமிசம், பேஸ் போன்ற சங்கிலிகளில் 2 விநாடிக்கு ஒரு பிளாக். அதே 50,400-ஐ அங்கே ஏற்றினால் ஒரு வார வாக்களிப்பு 28 மணி நேரத்தில் முடிந்துவிடும். டோக்கன் பிளாக் எண்ணுக்குப் பதிலாக நேரத்தைக் கடிகாரமாக வைத்திருந்தால் அதே எண் விநாடிகளாகக் கொள்ளப்பட்டு 14 மணி நேரம் ஆகும். வெள்ளிக்கிழமை இரவு வந்த முன்மொழிவு, பெரும்பாலானவர்கள் பார்ப்பதற்குள் நிறைவேறிவிடலாம். 12 என்ற பெட்டியை எந்தச் சங்கிலிக்கு எப்படி மாற்ற வேண்டும் என்று ஆவணம் சொல்கிறதா? டோக்கனின் கடிகார வகையும் கவர்னரில் தேர்ந்தெடுத்த வகையும் ஒத்திருக்க வேண்டும் என்று சொல்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத கவர்னர் ஆவணத்தை முழுமையானது என்று யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது.

டிக்குகளின் அதிகாரம்

மின்டபிள் என்றால் உரிமையாளர் புதிய டோக்கன்களை உருவாக்கலாம் என்பது எல்லாருக்கும் புரியும். எவ்வளவு வரை என்பதுதான் கேள்வி. தனியாக உச்சவரம்பு வைக்காவிட்டால் வரம்பே இல்லை. ‘வழங்கலை அதிகரிக்கலாம்’ என்று மட்டும் எழுதியிருக்கும் ஆவணத்துக்கும், ‘உரிமையாளர் வரம்பின்றி உருவாக்கலாம், அவரது சாவி திருடுபோனால் திருடனும் அப்படியே செய்யலாம்’ என்று எழுதியிருக்கும் ஆவணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டாவது வாக்கியம் விற்பனைக்கு உதவாது, ஆனால் பயனருக்கு உதவும்.

‘ஓனபிள்’ தேர்ந்தெடுத்தால் ஒரே முகவரிக்கு எல்லா அதிகாரமும் போகும். அதோடு உரிமையைத் துறக்கும் ஃபங்ஷனும் இலவசமாக வந்து சேர்கிறது. துறந்தபின் யாராலும் திரும்பப் பெற முடியாது. டோக்கன் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் உரிமையைத் துறந்தால் எல்லாருடைய டோக்கனும் நிரந்தரமாக உறைந்துவிடும். இது இரண்டு வசதிகள் சேரும்போது பிறக்கும் விளைவு. பாஸபிள் பக்கத்தைப் படித்தாலும் ஓனபிள் பக்கத்தைப் படித்தாலும் தனித்தனியாக இது கண்ணில் படாது. ஆவணத்தில் வசதிகளின் சேர்க்கை பற்றி ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடச் சொல்வது இதனால்தான்.

‘ரோல்ஸ்’ தேர்ந்தெடுத்தால் மின்ட் செய்ய ஒருவர், நிறுத்த ஒருவர் என்று பிரிக்கலாம். ஆனால் எல்லாருக்கும் மேலே ஒரு இயல்பு நிர்வாகிப் பொறுப்பு இருக்கும். மற்றப் பொறுப்புகளைத் தருவதும் பறிப்பதும் அதன் கையில். பிரித்துவிட்டோம் என்ற நிம்மதியில் மூன்று பொறுப்புக்கும் ஒரே முகவரியைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரித்ததற்கே பொருளில்லை என்று ஆவணம் எழுத வேண்டும்.

‘வோட்ஸ்’ வசதியில் தொடங்குகிறவர்கள் தவறாமல் முட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. டோக்கன் கையில் இருந்தால் வாக்கு இருக்கிறது என்று நினைப்பார்கள். இருக்காது. வாக்குரிமையை யாருக்காவது ஒப்படைக்க வேண்டும். தனக்கே வேண்டுமென்றாலும் தன் முகவரிக்கே ஒப்படைக்க வேண்டும். கணக்கு வைக்கும் செலவைக் குறைக்க லைப்ரரி இப்படி அமைத்திருக்கிறது, அதன் குறிப்பிலும் எழுதியிருக்கிறது. உலாவியிலேயே நிரலை ஓட்டிப் பார்க்க உதவும் ரீமிக்ஸ் கருவியில் பார்த்துவிடலாம்: ஒரு கணக்குக்கு ஆயிரம் டோக்கன் மின்ட் செய்து வாக்கு எண்ணிக்கையைக் கேட்டால் 0 வரும், அதே கணக்கிலிருந்து தனக்கே ஒப்படைத்துவிட்டுக் கேட்டால் மின்ட் செய்த அளவு முழுதும் வரும்.

‘ஃப்ளாஷ் மின்டிங்’ பற்றிச் சுருக்கமாக: ஒரே பரிவர்த்தனைக்குள் திருப்பித் தரும் நிபந்தனையில் யாரும் டோக்கனை உருவாக்கிக்கொள்ளலாம், இயல்பான கட்டணம் பூஜ்யம். உச்சவரம்பு வசதியோடோ வோட்ஸ் வசதியோடோ சேர்த்தால் ‘அதிகபட்சம் எவ்வளவு’ என்று அது சொல்லும் எண் சரியாக இருக்காது என்று மூலக் கோப்பே குறிப்பிடுகிறது. தேவை என்னவென்று தெரியாமல் இந்த டிக்கைப் போட வேண்டாம்.

சேர்க்கையில் பிறந்த ஓட்டைகள்

டெம்ப்ளேட் என்ற ஏற்பாட்டின் அடிப்படை நம்பிக்கை, தனித்தனியாகச் சோதித்த துண்டுகளை ஒட்டினால் முழுமையும் பாதுகாப்பாக இருக்கும் என்பது. 2023 டிசம்பரில் அது பொய்த்தது. தேர்ட்வெப் நிறுவனம் தன் ஆயத்த கான்ட்ராக்டுகள் பலவற்றைப் பாதிக்கும் ஓட்டையை அறிவித்தது. ஒரு பக்கம் இஆர்சி-2771: பயனருக்காக இன்னொருவர் பரிவர்த்தனையை அனுப்பும்போது, உண்மையான அனுப்புநரின் முகவரியைத் தரவின் கடைசி 20 பைட்டில் ஒட்டி அனுப்பும் முறை. இன்னொரு பக்கம் மல்டிகால்: பல அழைப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் வசதி. தனித்தனியாக இரண்டிலும் பிழையில்லை. இரண்டும் ஒரே கான்ட்ராக்டில் இருந்தால், மல்டிகாலுக்குள் இருக்கும் ஒவ்வொரு அழைப்பின் கடைசி 20 பைட்டையும் தாக்குபவரே எழுதலாம். யாருடைய முகவரியையும் தன்னுடையதாகக் காட்டலாம். ஓப்பன்செப்பலின் நிறுவனம் தன் லைப்ரரியின் 4.9.4, 5.0.1 பதிப்புகளில் மல்டிகாலைத் திருத்தியது.

மேம்படுத்தும் வசதியுள்ள கான்ட்ராக்டுகளில் (ப்ராக்ஸி என்ற முன்நிற்கும் கான்ட்ராக்ட் மாறாமல் இருக்க, அது சுட்டும் நிரலை மட்டும் வேறொன்றாக மாற்றலாம்) எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். 2017 நவம்பரில் பேரிட்டி நிறுவனத்தின் பல-கையொப்ப வாலட்டுகள் (பலர் ஒப்பினால்தான் பணம் நகரும்) பொதுவாகச் சார்ந்திருந்த லைப்ரரி கான்ட்ராக்ட், யாரும் உரிமையாளராகப் பதியாமல் விடப்பட்டிருந்தது. ஒருவர் அதன் தொடக்க ஃபங்ஷனை அழைத்து உரிமையாளரானார், பிறகு அதை அழித்துவிட்டார். எத்தீரியத்தின் நாணயமான ஈதர் 5,13,000-க்கும் மேல் சிக்கிக்கொண்டது. அதே வகைத் தவறைத் தடுக்கத்தான் விசார்ட், மேம்படுத்தும் வசதியைத் தேர்ந்தெடுத்ததும் கன்ஸ்ட்ரக்டருக்குள் (டிப்ளாயின்போது ஒரே முறை ஓடும் பகுதிக்குள்) தொடக்க ஃபங்ஷனைப் பூட்டும் ஒரு வரியை எழுதுகிறது.

அந்த வரி ஏன் இருக்கிறது என்று ஆவணம் விளக்காவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தொடங்குகிறவர் நிரலை ரீமிக்ஸில் திறந்து, ப்ராக்ஸி இல்லாமல் நேரடியாக டிப்ளாய் செய்கிறார். டோக்கனின் பெயர் வெற்றாக வருகிறது. உரிமையாளர் பூஜ்ய முகவரி. தொடக்க ஃபங்ஷனை அழைத்தால் ‘இன்வேலிட் இனிஷியலைசேஷன்’ என்ற பிழையோடு திரும்புகிறது. அடுத்து அவர் செய்வது, பிழைக்குக் காரணம் அந்தப் பூட்டு வரி என்று கண்டுபிடித்து அதை நீக்குவது. பிழை மறைகிறது, பாதுகாப்பும் போகிறது. இந்தப் பிழையின் பெயரை ஆவணத்தின் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். ‘ப்ராக்ஸி வழியாக டிப்ளாய் செய்யுங்கள், இந்த வரியை நீக்காதீர்கள்’ என்ற பதில் முதல் பக்கத்தில் வந்தால் அந்த ஆவணத்தை எழுதியவர்களுக்குத் தங்கள் பயனரைத் தெரிந்திருக்கிறது.

காலி அடைவுச் சோதனை

படித்து மதிப்பிடுவதோடு நிறுத்தக் கூடாது. இதுவரை எதுவும் நிறுவாத ஒரு கணினி, அல்லது குறைந்தது ஒரு காலி அடைவு எடுத்துக்கொண்டு, ஆவணம் சொல்வதை மட்டும் வரிசையாகச் செய்யுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பயன்படுத்தாதீர்கள். வேறு எங்காவது தேட வேண்டி வரும் ஒவ்வொரு முறையும் எந்த வரியில் வெளியேறினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் ரீமிக்ஸின் உள்ளமை விஎம்மில் (அதற்குள்ளேயே இருக்கும் பாவனைச் சங்கிலியில்) ஓட்டலாம், காசு வேண்டாம். பிறகு செபோலியா சோதனை வலையமைப்பு. முதன்மைச் சங்கிலி இந்த வேலைக்குத் தேவையே இல்லை.

டிப்ளாய் ஆனதும் ஈதர்ஸ்கேனில் மூல நிரலைச் சரிபார்க்கும் படியையும் செய்யுங்கள். கம்பைலர் பதிப்பு, நிரலைச் செப்பனிடும் ஆப்டிமைசரின் அமைப்பு, கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்த மதிப்புகள் மூன்றும் அப்படியே ஒத்துவர வேண்டும். ஒன்று பிசகினாலும் சரிபார்ப்பு தோற்கும். நிறைய ஆவணங்கள் டிப்ளாயோடு முடிந்துவிடுகின்றன. சரிபார்க்காத கான்ட்ராக்டை வெளியார் படிக்க முடியாது என்பதால், இந்தப் படி விடுபட்டிருந்தால் குறையென்றே எழுதுங்கள்.

இங்கே வெளிப்படும் இன்னொரு பொறி: 2023 மே மாதம் வந்த சாலிடிட்டி 0.8.20 இயல்பாகவே எத்தீரியத்தின் ஷாங்காய் மேம்பாட்டை இலக்காக வைத்துக் கம்பைல் செய்கிறது. அதில் புஷ்0 என்ற புதிய கட்டளை உண்டு. அதை ஏற்காத சங்கிலியில் ஏற்றினால் கம்பைல் சுத்தமாக முடிந்து, டிப்ளாய் மட்டும் தவறான ஆப்கோடு (இயந்திரக் கட்டளை) என்று விழும். இலக்கை, ஷாங்காய்க்கு முந்தைய பாரிஸ் என்று மாற்றினால் அந்தக் கட்டளை வராது. 0.8.25-இல் இயல்பான இலக்கு கேன்கன் ஆனது, பிந்தைய பதிப்புகளில் அதுவும் மாறியது. இதனால் ‘எல்லா ஈவிஎம் (எத்தீரியம் வகை நிரலை இயக்கும்) சங்கிலிகளிலும் இயங்கும்’ என்று மட்டும் எழுதும் ஆவணத்தை நம்பி இறங்கக் கூடாது. எந்தக் கம்பைலர், எந்த இலக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

பல வசதிகளை ஒன்றாகச் சேர்த்தும் ஒரு முறை கம்பைல் செய்து பாருங்கள். டிப்ளாய் ஆகும் நிரலுக்கு 24,576 பைட் என்ற வரம்பு எத்தீரியத்தில் இருக்கிறது. தாண்டினால் என்ன செய்வது, ஆப்டிமைசரை எப்படி அமைப்பது என்ற விளக்கம் இருந்தால் நல்லது.

‘தணிக்கை செய்யப்பட்டது’ என்ற சொல் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். லைப்ரரியின் குறிப்பிட்ட பதிப்பு தணிக்கையாகியிருக்கும். நீங்கள் டிக் போட்டு உருவாக்கிய சேர்க்கையும், அதற்குள் நீங்கள் எழுதிய பத்து வரியும் தணிக்கையானவை அல்ல. இந்த வேறுபாட்டை மங்கலாக விடும் ஆவணம் பயனரைத் தவறாக வழிநடத்துகிறது. விசார்டில் பாதுகாப்புத் தொடர்புக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. ஓட்டையைக் கண்டவர் உங்களை எட்டுவதற்கு அது வழி. அதை ஏன் நிரப்ப வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்டதை எப்படி எழுதுவது

‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று எழுதி அனுப்பினால் யாராலும் எதையும் திருத்த முடியாது. எந்தப் பக்கம், எந்த வாக்கியம், கருவியும் லைப்ரரியும் எந்தப் பதிப்பு, எந்தெந்த டிக், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, அதற்குப் பதில் என்ன வாக்கியம் இருக்கலாம் என்று எழுதுங்கள். ஒரு மாதிரி: ‘கவர்னர் பக்கத்தில் வாக்களிப்புக் காலம் ஒரு வாரம் என்று உள்ளது. 2 விநாடி பிளாக் உள்ள சங்கிலியில் இயல்பு மதிப்போடு ஏற்றியபோது 50,400 பிளாக் 28 மணி நேரத்தில் முடிந்தது. பிளாக் நேரத்தைச் சங்கிலிக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்ற குறிப்பை அந்தப் பெட்டிக்கு அருகிலேயே சேர்க்கலாம்.’

குறைகளைத் தரம் பிரிக்கும்போது பணமோ அதிகாரமோ பறிபோகக்கூடியவற்றை மேலே வையுங்கள்: அலகு இல்லாத எண், விடுபட்ட சேர்க்கை எச்சரிக்கை, திரும்பப் பெற முடியாத ஃபங்ஷனுக்கு விளக்கமின்மை. நேரத்தை மட்டும் தின்பவை அடுத்து: பழைய பாதை, செத்த இணைப்பு, விடுபட்ட கட்டளை. எழுத்துப் பிழைகளைக் கடைசியில் ஒன்றாகக் கட்டிக் கொடுங்கள். ஆனால் அறிக்கையிடும்போது ஒன்றில் எச்சரிக்கை தேவை: நீங்கள் கண்டது ஆவணக் குறை அல்ல, கருவி தரும் நிரலிலேயே உள்ள பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் பொதுவெளியில் எழுதாதீர்கள். அந்தத் திட்டம் பாதுகாப்புக்கென்று அறிவித்திருக்கும் வழியில் தனியாக அனுப்புங்கள். அந்த வழி எது என்று ஆவணத்திலிருந்து கண்டுபிடிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சோதனைக்கு வைத்த காலி அடைவு, டிக்குகளின் பட்டியல், வெளியேறிய வரிகளின் குறிப்பு மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். லைப்ரரியின் அடுத்த பெரிய பதிப்பு வந்ததும் அதே வரிசையில் திரும்ப ஓட்டினால், ஆவணம் நிரலோடு சேர்ந்து நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும்.